கல்லும் கணினியும்: பணிப் பகிர்வின் திறம்

நுழையும்முன்

ஒரு பெரும் படைப்பு உருவாகத் திறமை மட்டும் போதாது. எப்பணியை, எவர், எப்போது செய்வது என்னும் திட்டமும் வேண்டும். ஒரே காலத்தில் பல படைப்புகள் உருவாகும்போது அதன் தேவை மேலும் பெருகுகிறது. பல்லவர் காலக் குடைவரைகளும் இக்காலக் கணினி விளையாட்டு நிறுவனங்களும் இவ்வுண்மையை உணர்த்துகின்றன.

மண்டகப்பட்டுக் குடைவரை

செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையே அமைந்த சிற்றூர் மண்டகப்பட்டு. கி.பி. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆட்சிபுரிந்த முதலாம் மகேந்திரவர்மன் இங்கு ஒரு குடைவரையை அமைத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகியன இன்றி நான்முகன், சிவன், திருமால் ஆகிய மூவர்க்கும் விசித்திரசித்தன் எடுப்பித்த கோயில் இது என அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு அறிவிக்கிறது. விசித்திரசித்தன் என்பது அம்மன்னனின் சிறப்புப்பெயர். தளவானூர், சீயமங்கலம், மகேந்திரவாடி, திருச்சிராப்பள்ளி ஆகிய ஊர்களிலும் அவன் குடைவரைகளை அமைத்தான்.

உளிகளின் வரிசை

பாறையின் முகப்பு குறுகியது. ஒரே நேரத்தில் சிலரே அதன்முன் நின்று பணியாற்ற இயலும். முதலில் அளவு குறிக்கப்பட வேண்டும்; பின்னர்ப் பாறை குடையப்பட வேண்டும்; அதன்பின் சுவரும் தூணும் செம்மையாக்கப்பட வேண்டும்; இறுதியிலேயே நுண்சிற்பம் முழுமை பெறும். எனவே, ஒரு குன்றில் குடைவோர் பணி முடிந்து சிற்பியர் பணி தொடரும்போது, குடைவோர் அடுத்த குன்றுக்குச் செல்வதே இயல்பான முறையாகும்.

இவ்வரிசைமுறைக்கு மாமல்லபுரத்தின் முற்றுப்பெறாத படைப்புகள் சான்றாகின்றன. பாறையைக் கட்டங்களாகப் பகுத்துப் பிளந்த தடங்களை அங்குள்ள சில குடைவரைகளில் காணலாம். பிடாரி இரதங்களில் மேற்பகுதி உருப்பெற்றிருக்க, அடிப்பகுதி பாறையாகவே நிற்கிறது. அருகிலுள்ள பூஞ்சேரிப் பாறையில் கேவாத பெருந்தச்சன், கொல்லன் சேமகன் முதலியோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. உளி மழுங்கினால் பணி நின்றுவிடும். ஆதலால் தச்சனோடு கொல்லனும் இன்றியமையாதவன்.

திரைக்குப் பின்னே

கணினி விளையாட்டு உருவாக்கமும் இத்தகையதே. தொடக்கத்தில் சிறு குழுவினர் கருவையும் விதிகளையும் வகுத்து, மாதிரியொன்றைச் செய்துபார்க்கின்றனர். அடுத்த கட்டத்தில் ஓவியர், நிரலாளர், ஒலி வல்லுநர் எனப் பலர் தேவைப்படுகின்றனர். இறுதியில் பிழை காண்போரின் பணி மிகுகிறது. ஒரு விளையாட்டு நிறைவுறும் வேளையில் மற்றொன்றின் மாதிரி ஆயத்தமாக இருந்தால்தான் ஓவியர் முதலியோர் பணியின்றி இருக்கும் நிலை ஏற்படாது. அதேவேளை, தேர்ந்தோர் அனைவரையும் ஒரு பணியிலேயே நிறுத்தினால் மற்றது தேங்கிவிடும்.

போலந்து நாட்டின் சிடி புரொஜெக்ட் நிறுவனம் 'சைபர்பங்க் 2077' என்னும் விளையாட்டை 2012இல் அறிவித்தது. ஆயினும், 2015இல் 'தி விட்சர் 3' வெளிவந்து, 2016இல் அதன் விரிவாக்கம் நிறைவுறும்வரை பணியாளருள் பெரும்பாலோர் அதிலேயே ஈடுபட்டிருந்தனர். புதிய விளையாட்டின் வெளியீடு 2020இல் மும்முறை ஒத்திவைக்கப்பட்டது. இறுதிக் கட்டத்தில் பணியாளர் வாரத்திற்கு ஆறு நாள் உழைக்க நேர்ந்தது. அவ்வாண்டு டிசம்பரில் வெளிவந்தபோதும் பிழைகள் மலிந்திருந்தமையால், சோனி நிறுவனம் அதனைத் தன் இணையக் கடையிலிருந்து சில மாதங்கள் நீக்கிவைத்தது.

காலம் என்னும் கருவி

தவறாக வெட்டிய கல்லை மீண்டும் ஒட்டவியலாது. எனவே, கல்தச்சர் அவசரத்திற்கு இடந்தரவில்லை. மென்பொருளையோ வெளியிட்ட பின்னரும் திருத்தலாம். இவ்வசதியே திட்டமிடலைத் தளர்த்திவிடுகிறது. பிழையான நிரலைப் பின்னர் மாற்றிவிடலாம். உறக்கமிழந்து உழைத்தோர் இழந்த நாள்களை மீட்கவியலாது. பிறர் உழைப்பையும் காலத்தையும் அளந்து பயன்படுத்துவதே நல்ல பணிப் பகிர்வின் இலக்கணமாகும்.