திருப்பூரில் வேலை, ஊரில் நிலம்

சிவகங்கை, இராமநாதபுரம் பகுதி மானாவாரி கிராமங்களிலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்குச் சென்ற குடும்பங்கள் ஏராளம். ரேஷன் கார்டு ஊரில், பிள்ளைகளின் பள்ளி திருப்பூரில் என்று இரண்டு இடத்திலும் கால் வைத்து வாழப் பழகிவிட்டார்கள். பழகாதது நிலம் ஒன்றுதான். இரண்டு மூன்று ஆண்டுகள் கலப்பை படாவிட்டால் சீமைக் கருவேலம் மூடிவிடுகிறது. ஆடு மாடுகள் அதன் நெற்றைத் தின்று சாணத்தின் வழியே விதையைப் பரப்புகின்றன. வெட்டினால் மீண்டும் துளிர்க்கும்; வேரோடு தோண்டினால்தான் ஒழியும். நிலத்தை விற்றுவிடலாம் என்ற பேச்சு வீட்டில் எழுவதும் அப்போதுதான்.

வாரம் தவறாமல் கவனிக்க வேண்டிய மிளகாயும் பருத்தியும் இவர்களுக்கு ஏற்றவை அல்ல. ஊருக்கு வரும் நாட்களுக்குப் பொருந்தும் பயிரே வேண்டும். தண்ணீர் தேங்காத செம்மண் நிலமானால் ஒட்டுப் புளி நல்லது. பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.1 ரகத்தை 10 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 40 கன்றுகள் பிடிக்கும். பழம் முற்றினாலும் சில வாரங்கள் மரத்திலேயே காத்திருக்கும். காயோடு மரத்தைக் குத்தகைக்கு விடும் வழக்கமும் உண்டு.

சித்திரைத் திருவிழாவுக்கு வரும்போது நீளம், அகலம், ஆழம் மூன்றும் 1 மீட்டராகக் குழி எடுத்து வெயிலில் ஆறவிட வேண்டும். ஆயுத பூஜை விடுமுறையில் மேல்மண்ணுடன் மக்கிய தொழு உரம் 15 கிலோ கலந்து குழியை நிரப்பலாம். வடகிழக்குப் பருவமழை பிடித்தபின் தீபாவளிக்கு வந்து நட்டால் நட்ட கன்று மழையிலேயே வேர் பிடிக்கும். பொங்கலுக்கு வரும்போது பாத்தியைக் கொத்தி, சருகால் மூடாக்குப் போட வேண்டும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். முதல் இரண்டு கோடைகளிலும் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். கன்றின் அருகே மண்பானையைப் புதைத்து, அடியில் துளையிட்டுத் திரி செருகினால் ஊற்றும் நீர் மெதுவாகக் கசியும். ஆனால் பானையை நிரப்புவது யார்? திருப்பூரிலிருந்து கைப்பேசியில் விசாரித்தால் கன்று பிழைக்காது. ஊரில் இருக்கும் சித்தப்பாவோ பங்காளியோ சும்மா பார்த்துக்கொள்வார் என்று எதிர்பார்ப்பதும் நியாயமல்ல. கன்றுகளுக்கு இடையே உள்ள நிலத்தில் கொள்ளு விதைத்து, விளைச்சல் முழுவதையும் அவரே எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். அதற்காக உழும்போது களையும் கருவேலங்கன்றும் சேர்ந்தே போகும். இந்த ஏற்பாட்டை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொள்வது உறவுக்கும் நல்லது.

ஒட்டுப் புளி 4, 5 ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கினாலும், சொல்லிக்கொள்ளும்படியான வரும்படிக்கு மேலும் சில ஆண்டுகள் பொறுக்க வேண்டும். மலைவேம்பு நட்டால் சில ஆண்டுகளில் இலட்சக்கணக்கில் கிடைக்கும் என்று நகரவாசிகளிடம் ஆசை காட்டுவோர் உண்டு. பாசனம் இல்லாத நிலத்தில் அம்மரம் அவ்வாறு வளராது.

ஒட்டுக்குக் கீழே கிளம்பும் துளிர்களை ஒவ்வொரு முறை வரும்போதும் கிள்ளிவிட வேண்டும். விட்டால் ஒட்டு நலிந்து நாட்டுப் புளிதான் மிஞ்சும். கன்றுகளுக்கு அரசுத் தோட்டக்கலைப் பண்ணையில் ஆடி மாதமே சொல்லி வைக்கலாம்.