போக ஒன்றரை மணி, வர ஆறரை மணியா?

மாணவர்களே, சென்னையிலிருந்து பாட்டி வருகிறார். விமானம் அங்கே பகல் 12 மணிக்குப் புறப்படுகிறது. பயணம் 4 மணி நேரம். கோலா கிளாவாங்கிலிருந்து புக்கிட் தங்கா வளைவுகளைக் கடந்து, மாலை 4 மணிக்கே கோலாலம்பூர் விமான நிலையம் போனால் என்ன ஆகும்? இரண்டரை மணி நேரம் காத்திருப்பீர்கள்!

பயணச்சீட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். நம் கடிகாரம் இந்தியாவைவிட 2½ மணி முந்தியது. ஆகவே பாட்டி இறங்குவது மாலை 6.30க்கு. அவர் திரும்பும்போது, இங்கே காலை 9க்குப் புறப்பட்டால் அங்கே 10.30 தான். தூரம் இருவழியும் ஒன்றே: சுமார் 2,600 கிலோமீட்டர்.

பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. கோலா கிளாவாங் சென்னைக்குக் கிழக்கே சுமார் 22 பாகை. சூரியக் கணக்குப்படி வேறுபாடு ஏறத்தாழ ஒன்றரை மணிதான். மீதி ஒரு மணி மனிதர் வகுத்தது. சபா, சரவாக் நேரத்தோடு இணைய, தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1இல் கடிகாரத்தை அரை மணி முன்தள்ளியது.

சோதித்துப் பாருங்கள்: பள்ளித் திடலில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நடுங்கள். நிழல் மிகக் குறுகுவது 12 மணிக்கு அல்ல, 1.10 மணியளவில்!