வலிக்கும் இடுப்பை அசைக்கலாமா?

“ஸ்கேனில் ஜவ்வு விலகியிருப்பதாக எழுதியிருக்கிறார்கள். இனி நான் குனியலாமா, டாக்டர்?” கீழ்முதுகு வலிக்காக எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வருவோர் பலரும் கேட்கும் வினா இது. இதனுள் வலியோடு அச்சமும் கலந்திருக்கிறது. அந்த அச்சத்தால் சிலர் பேரக்குழந்தையைத் தூக்குவதில்லை. சிலர் வேலையையே விட்டுவிடுகின்றனர். குடும்பத்தினரும் அன்பின் மிகுதியால், “நீங்கள் அசையாமல் படுத்திருங்கள்” என்கின்றனர்.

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிப்பதை நாட்பட்ட வலி என்கிறோம். கீழ்முதுகு வலியுடையோரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேருக்கு எலும்பு முறிவு, தொற்று, புற்றுநோய் போன்ற குறிப்பிட்ட காரணம் எதுவும் புலப்படுவதில்லை. வலியே இல்லாத இளைஞர்களை ஸ்கேன் செய்தாலும் கணிசமானோருக்கு முள்ளெலும்பிடை வட்டில் தேய்மானமோ புடைப்போ தென்படுகிறது. முதியோரில் பெரும்பாலோருக்கு அது உண்டு. தலைமுடி நரைப்பதைப் போல இதுவும் வயதோடு வரும் மாற்றம். ஆகவே, அறிக்கையிலுள்ள ஒரு சொல்லைக் கண்டு முதுகு உடைந்துவிட்டதாக எண்ண வேண்டியதில்லை.

மாறாக, அசையாமையே தீங்கு செய்கிறது. முதிர்ந்தோரின் வட்டுகளுக்கு நேரடி இரத்த ஓட்டம் மிகக் குறைவு. சுற்றியுள்ள திசுக்களிலிருந்து ஊறிவரும் ஊட்டத்தையே அவை நம்பியிருக்கின்றன. நெடுநேரம் அமர்ந்தே இருந்தால் இடுப்பின் முன்புறத் தசைகளும் தொடையின் பின்புறத் தசைகளும் இறுகக்கூடும். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இவ்வலிக்கு உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கின்றன. இடுப்புப் பட்டையையும் இழுவைச் சிகிச்சையையும் வழக்கமான சிகிச்சையாக ஏற்கவில்லை.

எனினும், சிறுநீர் அல்லது மலம் கழிப்பதில் புதிதாகச் சிக்கல், தொடையிடுக்கில் மரத்துப்போதல், காலில் கூடிவரும் பலவீனம் ஆகியவை தோன்றினால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். காய்ச்சல், காரணமற்ற எடைக்குறைவு, இரவில் ஓயாத வலி, விழுந்தபின் தோன்றிய வலி, முன்பு புற்றுநோய் இருந்தமை ஆகியவற்றுள் ஏதேனும் இருப்பின் மருத்துவரைக் கண்ட பின்னரே பயிற்சியைத் தொடங்க வேண்டும். கர்ப்பிணிகளும், எலும்பு அடர்த்திக் குறைவு உடையோரும், முதுகு அறுவை சிகிச்சை செய்துகொண்டோரும் அவ்வாறே.

மற்றவர்கள் தரையில் பாயோ ஜமுக்காளமோ விரித்துப் பின்வருவனவற்றைச் செய்யலாம்.

1. முழங்காலை அணைத்தல்: மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்குங்கள். ஒரு முழங்காலை இரு கைகளாலும் மெல்ல மார்பை நோக்கி இழுங்கள். பின் மறுகால்.

2. இடுப்பைத் திருப்புதல்: அதே நிலையில் தோள்கள் தரையில் பதிந்திருக்க, இரு முழங்கால்களையும் சேர்த்து ஒரு பக்கம் சாய்த்து, பின் மறுபக்கம் சாய்க்க வேண்டும்.

3. தொடைப் பின்தசை நீட்சி: ஒரு பாதத்தில் துண்டை மாட்டி, அக்காலை மெல்ல மேலே உயர்த்துங்கள். முழங்கால் சற்று மடங்கினாலும் குற்றமில்லை.

4. இடுப்பு முன்தசை நீட்சி: ஒரு முழங்காலைத் தலையணைமீது ஊன்றி, மறு பாதத்தை முன்வைத்து, முதுகை நிமிர்த்தியபடி உடலைச் சற்று முன்னே நகர்த்துங்கள். தடுமாறுவோர் நாற்காலியைப் பிடித்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு நீட்சியிலும் 20 முதல் 30 வினாடிகள் நின்று, இருபுறமும் இரண்டு அல்லது மூன்று முறை செய்தால் போதும். மூச்சை அடக்கலாகாது, வெடுக்கென இழுக்கலாகாது. இரவில் வட்டுகள் நீரை ஈர்த்து உப்பியிருப்பதால், எழுந்தவுடன் செய்யாமல் ஒரு மணி நேரம் கழித்துச் செய்வது நலம்.

தசை இழுபடும் உணர்வும் சிறு வலியும் இயல்பே. ஆனால் வலி சுரீரெனக் காலுக்கு இறங்கினாலோ, மறுநாளும் கூடுதலாக நீடித்தாலோ அந்தப் பயிற்சியை நிறுத்தி, எங்கள் இயன்முறை மருத்துவரிடம் காட்டுங்கள்.

நீட்சி மட்டுமே முழுச் சிகிச்சையன்று. நாள்தோறும் நடப்பதும், வயிறு மற்றும் முதுகுத் தசைகளை வலுவூட்டும் பயிற்சியும் இதனுடன் சேர வேண்டும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். இடையில் வலி மிகும் நாட்களும் வரலாம். அந்நாட்களில் அளவைக் குறையுங்கள், அறவே கைவிடாதீர்கள்.

முன்னேற்றத்தை வலியைக்கொண்டு மட்டும் அளக்க வேண்டாம். சென்ற மாதம் தெருமுனை வரை நடந்தவர் இம்மாதம் கடைத்தெரு வரை போய்வந்தால் அதுவும் முன்னேற்றமே. அதனை ஒரு தாளில் குறித்து, அடுத்த வருகையின்போது கொண்டுவாருங்கள். வீட்டில் உள்ளோரும் “படுத்திருங்கள்” என்பதை விடுத்து, மாலையில் உடன் நடந்துவருவார்களாயின் எங்கள் பணியில் பாதி நிறைவேறிவிடும்.