தாய் மீனின் பருமனும் முட்டைகளும்

மாணவர்களே, கடுகண்ணாவையில் வீதியோரக் கான்களில் கூட்டமாக நீந்தும் கப்பி மீன்களை அவதானித்திருப்பீர்கள். வயிறு பருத்து, வாற்பக்கமாகக் கரிய புள்ளியுடன் காணப்படுபவை கருவுற்ற தாய் மீன்களாகும். அகக்கருக்கட்டல் நிகழும் இம்மீன் குஞ்சுகளை ஈனுகின்றது. சிறிய தாய் ஒரு தடவையில் ஒருசில குஞ்சுகளையே ஈனும். நன்கு வளர்ந்த தாய் பல பத்துக் குஞ்சுகளை ஈனும்.

இதற்கான முதற் காரணம் இடவசதியே. உடலின் வடிவம் மாறாதிருக்க நீளம் 2 மடங்காகுமாயின், கனவளவு 2×2×2 = 8 மடங்காகும். எனவே சூலகத்திற்கும் கூடிய இடம் கிடைக்கும்.

அவ்வாறாயின், திணிவு இரு மடங்கானால் முட்டைகளும் இரு மடங்காகுமா? “ஆம்” என எழுதும் மாணவர் பலர். மீன்வளக் கணிப்புகளும் நெடுங்காலம் அவ்வாறே கருதின. எனினும் 342 கடல் மீனினங்களின் தரவுகளை ஆராய்ந்து 2018 இல் வெளியான ஆய்வொன்று, பெரும்பாலான இனங்களில் இது பிழை எனக் காட்டியது. அத்திலாந்திக் கொட் மீனை எடுத்துக்கொள்வோம். 30 கிலோகிராம் தாயொன்று, 2 கிலோகிராம் தாய்கள் 28 சேர்ந்து இடுவதிலும் கூடிய முட்டைகளை இடுகின்றது. இத்தாய் சிறிய தாயொன்றைப் போல 15 மடங்கு திணிவுடையது. ஆனால் அதன் முட்டைகளில் அடங்கும் சக்தியோ 37 மடங்கு!

பல இனங்களில் பெரிய தாயின் முட்டையும் சற்றுப் பெரியது. அதில் கருவூண் (மஞ்சட்கரு) அதிகம். ஆகவே குடம்பி பெரிதாக வெளிவரும். இரை கிடைக்கும்வரை கூடிய நேரம் தாக்குப்பிடிக்கும்.

1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவில் ஒரு வேறுபாடு உண்டு. தாய் கருக்கட்டிய முட்டைகளை வாயினுள் வைத்துப் பாதுகாக்கும். எனவே சூலகம் மட்டுமன்றி வாய்க்குழியின் பருமனும் குஞ்சுகளின் எண்ணிக்கையை மட்டுப்படுத்துகின்றது.

இப்போது கண்டிக்கு அண்மையிலுள்ள விக்டோரியா போன்ற நீர்த்தேக்கங்களை நினைத்துப் பாருங்கள். சிறுமீன்கள் ஒரு தடவையாவது இனம்பெருகட்டும் என்பதற்காகவே 8.5 சென்ரிமீற்றரிலும் சிறிய கண்ணுடைய வலைகள் எமது நீர்த்தேக்கங்களில் தடைசெய்யப்பட்டுள்ளன. இவ்விதி சிறுமீனைக் காக்கும். மிகப் பெரிய தாயைக் காக்காது. அவளே விலைகூடிய மீனுமாவாள்.

பயிற்சி: கொட் மீன் பிடிக்கும் ஒருவர் 10 கிலோகிராம் தாய் ஒன்றைப் பிடிக்கிறார். மற்றவர் 2 கிலோகிராம் தாய்கள் 5 ஐப் பிடிக்கிறார். அடுத்த பருவத்தின் முட்டைத்தொகைக்கு யாரால் கூடிய இழப்பு? காரணம் தருக. (விடையில் “திணிவு சமம்” என்பதை முதலில் குறிப்பிட மறவாதீர்கள்.)