மொழி வகுப்பில் தொடங்கும் மறுவாழ்வு: ஜெர்மனியில் அகதி இளைஞர்கள்

ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க வேண்டுமா, வருமானச் சான்றிதழ் வேண்டுமா, இ-சேவை மையத்துக்குப் போகிறோம். ஃபார்மில் ஒரு கேள்வி புரியவில்லை என்றால் பக்கத்தில் இருப்பவரிடம் "இதுல என்னங்க எழுதணும்?" என்று கேட்டுக்கொள்கிறோம். அப்படிக் கேட்கக்கூட மொழி தெரியாத ஊரில், பதினெட்டு வயதில், தனியாக நிற்பது எப்படி இருக்கும்? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

2015, 2016 ஆகிய இரண்டே ஆண்டுகளில் ஜெர்மனியில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் புகலிடம் கேட்டு விண்ணப்பித்தார்கள். சிரியா, ஆப்கானிஸ்தான், ஈராக் நாட்டவர்கள் அதிகம். பலர் முப்பது வயதைத் தாண்டாதவர்கள். போரால் படிப்பு பாதியில் நின்றவர்களும், பெற்றோர் இல்லாமல் தனியாக வந்த சிறுவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

வகுப்பில் என்ன சொல்லித் தருகிறார்கள்?

ஜெர்மனியில் 2005 முதல் 'ஒருங்கிணைப்பு வகுப்பு' என்ற அரசுத் திட்டம் நடக்கிறது. பொது வகுப்பின் அமைப்பு இதுதான்:

• மொழிப் பாடம் 600 பாடவேளை. ஒரு பாடவேளை 45 நிமிடம்.
• நாட்டின் சட்டம், வரலாறு, வாழ்க்கை முறை பற்றி 100 பாடவேளை.
• முடிவில் மொழித் தேர்வு. இலக்கு 'பி1' நிலை. அதாவது, அன்றாட விஷயங்களை யார் துணையும் இல்லாமல் பேசிச் சமாளிக்கும் அளவு.
• நாட்டைப் பற்றி 33 கேள்விகள் கொண்ட இன்னொரு தேர்வு.

அரசு உதவித்தொகையில் வாழ்பவர்கள் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. லத்தீன் எழுத்தே தெரியாதவர்களுக்கு எழுத்தறிவோடு தொடங்கும் வகுப்பு உண்டு. அரபியை வலமிருந்து இடமாக எழுதிப் பழகிய கைக்கு இது சின்ன வேலை இல்லை. 27 வயதுக்குட்பட்டவர்களுக்காக 900 மொழிப் பாடவேளைகள் கொண்ட தனி வகுப்புகளும் நடத்தப்பட்டன. மேற்படிப்பு, வேலை தேடுவது போன்றவற்றையும் அவற்றில் சேர்த்தே சொல்லித் தந்தார்கள்.

மொழி வந்தால் என்ன மாறும்?

முதலில், ஆபீஸ் வேலை. ஜெர்மனியில் முக்கியமான அறிவிப்பெல்லாம் தபாலில்தான் வரும். குறிப்பிட்ட தேதிக்குள் பதில் போடாவிட்டால் சலுகை போய்விடும். கடிதத்தைத் தானே படிக்க முடிந்தாலே பாதி பயம் போய்விடும்.

அடுத்தது, தொழில். அங்கே எலக்ட்ரீஷியன், பேக்கரி வேலை, முதியோர் பராமரிப்பு என எதற்கும் முறையான தொழிற்பயிற்சி உண்டு. வாரத்தில் சில நாள் நிறுவனத்தில் வேலை, ஓரிரு நாள் தொழிற்பள்ளியில் படிப்பு. மாதச் சம்பளமும் கிடைக்கும். ஆனால் பாடமும் தேர்வும் ஜெர்மனில்தான். கை வேலையில் கெட்டிக்காரராக இருந்தும், கேள்வித்தாள் புரியாமல் திணறுகிறவர்கள் உண்டு.

இதில் இன்னொரு விஷயமும் அடங்கியிருக்கிறது. புகலிட விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்கள்கூட, தொழிற்பயிற்சியில் சேர்ந்துவிட்டால் சில நிபந்தனைகளோடு அது முடியும்வரை நாட்டில் தங்கலாம். பிறகு அதே தொழிலில் வேலை கிடைத்தால் மேலும் இரண்டு ஆண்டு இருக்கலாம் என 2016-ல் சட்டம் வந்தது. அப்படியென்றால், மொழி கற்பது ஒருவர் அந்த நாட்டில் இருப்பதா, திருப்பி அனுப்பப்படுவதா என்பதையே தீர்மானிக்கலாம்.

மூன்றாவது, வீடு. பிள்ளைகள் பள்ளியில் சீக்கிரம் மொழியைப் பிடித்துக்கொள்வார்கள். உடனே ஆஸ்பத்திரியிலும் அலுவலகத்திலும் அம்மா அப்பாவுக்கு மொழிபெயர்க்கும் வேலை அவர்கள் தலையில் விழும். அம்மாவின் நோயைப் பற்றி டாக்டர் சொல்வதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை எப்படிச் சொல்லும்? பெரியவர்கள் மொழி கற்றால் அந்தச் சுமை இறங்கும்.

கடைசியாக, மனசு. விண்ணப்பத்தின் முடிவு தெரியாமல் முகாமில் மாதக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருப்பது பெரிய வேதனை. காலையில் எழுந்து போக ஓர் இடம், நாலு நண்பர்கள், பேர் சொல்லிக் கூப்பிடும் ஒரு டீச்சர். இவை மறுபடி நடமாட வைக்கும்.

குறை இல்லையா?

இருக்கிறது. 2015-ல், முடிவுக்காகக் காத்திருந்த விண்ணப்பதாரர்களில் சிரியா, ஈராக், எரித்ரியா போன்ற சில நாட்டவர்களுக்கே இந்த வகுப்பு திறந்துவிடப்பட்டது. அப்போது ஆப்கானிஸ்தான்காரர்களைச் சேர்க்கவில்லை. அவர்களுக்கு அந்த வாசல் திறக்கப் பல ஆண்டுகள் ஆயின. அந்த இடைவெளியில் பல ஊர்களில் தன்னார்வலர்கள்தான் பாடம் எடுத்தார்கள். இளமையில் போன அந்த ஆண்டுகளைத் திருப்பித் தர முடியாது.

செல்போனிலும் படிக்கலாம்

2016 ஜனவரியில் 'அன்கோமென்' என்ற இலவசச் செயலி வெளியானது. 'வந்து சேர்தல்' என்று பொருள். அரபி, பாரசீகம் உட்பட ஐந்து மொழிகளில், இணையம் இல்லாமலும் இயங்கும்படி அதைச் செய்திருந்தார்கள். டாய்ச்ச வெல்லே ஒலிபரப்பு நிறுவனத்தின் 'நீக்கோஸ் வேக்' என்ற காணொளிப் பாடமும் இலவசம். நர்ஸ் வேலைக்கோ படிப்புக்கோ ஜெர்மனி போக நினைக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளும் அதைப் பார்த்துப் படிக்கலாம். ஆனால் செயலி வகுப்புக்குத் துணைதான். பேச எதிரில் ஓர் ஆள் வேண்டும்.

நமக்கு என்ன சம்பந்தம்?

1980-களில் இலங்கைத் தமிழர்கள் ஜெர்மனிக்குப் போனபோது இப்படி ஒரு திட்டம் கிடையாது. தொழிற்சாலையிலும் ஹோட்டல் சமையலறையிலும் வேலை பார்த்துக்கொண்டே கேட்டுக் கேட்டுப் பேசப் பழகியவர்கள் அவர்களில் பலர். தமிழ்நாட்டுக்கு வந்தவர்களுக்கோ மொழி ஒரு தடையாக இல்லை. பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தமிழிலேயே படித்தார்கள். அது எவ்வளவு பெரிய உதவி என்பது, மொழி வேறாக இருக்கும் ஊரைப் பார்த்தால்தான் தெரிகிறது.

உங்கள் தெருவிலோ கடையிலோ யாராவது தட்டுத் தடுமாறித் தமிழ் பேசினால், சிரிக்காமல் காது கொடுங்கள். மெதுவாகப் பதில் சொல்லுங்கள். ஒரு வார்த்தையைத் திருத்திச் சொல்லிக் கொடுத்தால் அதுவே அன்றைக்கு அவருக்கு ஒரு பாடம்.