நூலக வரி நாமும் கட்டுகிறோம். புத்தகத்தைக் கேட்பது யார்?

பெங்களூர் கப்பன் பூங்காவில் செந்நிறச் சுவர்களும் உயர்ந்த தூண்களுமாக ஒரு பழைய கட்டிடம் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பூங்காவுக்கு வரும் நம்மவர்கள் அதன் எதிரே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். கடலை வாங்கிக் கொறிக்கிறார்கள். பிறகு பஸ் ஏறிப் போய்விடுகிறார்கள். அது என்ன கட்டிடம் என்று கேட்டால், "பக்கத்தில் ஐகோர்ட்டு இருக்கிறதே, அதைச் சேர்ந்ததாக இருக்கும்" என்று சொல்பவர்களும் உண்டு.

அது கோர்ட்டு அல்ல. கர்நாடக மாநில மைய நூலகம் அது. சேஷாத்திரி ஐயர் நினைவு மண்டபம் என்று பெயர். 1915-ம் ஆண்டின் கட்டிடம். உள்ளே போய் உட்கார்ந்து பத்திரிகையோ புத்தகமோ படிக்க யாரும் காசு கேட்பதில்லை. எந்த ஊர், என்ன வேலை, என்ன மொழி என்றும் கேட்பதில்லை. ஆனாலும் அந்தப் படியில் கால் வைக்க நம்மில் பலருக்குத் தயக்கம். "அதெல்லாம் படித்தவர்கள் போகிற இடம்" என்று ஒதுங்கி விடுகிறோம்.

இந்தத் தயக்கம் வேண்டியதில்லை. அந்த நூலகத்தை நடத்தும் பணத்தில் நம்முடைய பணமும் இருக்கிறது.

ரூபாய்க்கு 6 காசு

கர்நாடகத்தில் (அன்றைய மைசூர் மாநிலத்தில்) பொது நூலகச் சட்டம் 1965-ம் ஆண்டு வந்தது. அந்தச் சட்டப்படி சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி வசூலிக்கப்படுகிறது. பெங்களூரில் அது சொத்து வரியில் ரூபாய்க்கு 6 காசு. ஒரு கட்டிடத்துக்கு ஆண்டுக்கு 3,000 ரூபாய் சொத்து வரி என்றால், அதன் மேல் 180 ரூபாய் நூலகத்துக்கு என்று கணக்கு.

"எனக்குச் சொந்த வீடா இருக்கிறது? நான் ஒண்டுக் குடித்தனம்தானே" என்று வாசகர் கேட்கலாம். வீட்டுக்காரர் வரியைத் தம் கைக்காசிலிருந்து கட்டிவிட்டு வாடகையைக் குறைத்தா வாங்குகிறார்? வரி, தண்ணீர், வெள்ளையடிப்பு எல்லாவற்றையும் கூட்டித்தான் வாடகை போடுகிறார். ஆகவே அல்சூரில் ஓர் அறையில் நான்கு பேராகத் தங்கியிருக்கும் இளைஞர்களும், ஸ்ரீராமபுரத்தில் வரிசை வீட்டில் குடியிருக்கும் குடும்பமும் மறைமுகமாக அந்த 6 காசைச் செலுத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அந்தப் பணத்தில் வாங்கும் புத்தகத்தைக் கேட்டுப் படிப்பது நம் உரிமை. அதைச் சலுகையாக எண்ணிக் கூசத் தேவையில்லை.

கட்டிடத்தின் பெயரிலேயே நமக்கு ஒரு தொடர்பு இருக்கிறது. சேஷாத்திரி ஐயர் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1883 முதல் 1901 வரை மைசூர் திவானாக இருந்தவர். அவர் காலத்தில் தொடங்கிய சிவசமுத்திரம் மின் திட்டம் 1902-ம் ஆண்டு கோலார் தங்க வயலுக்கு மின்சாரம் அனுப்பியது. அந்த வயலில் பூமிக்கடியில் இறங்கி வேலை செய்தவர்களில் ஏராளமானோர் தமிழர்கள். சுரங்கம் 2001-ல் மூடப்பட்டுவிட்டது. அந்தத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று வேலைக்காகப் பெங்களூருக்கு ரெயிலில் வந்து போகிறார்கள்.

சீர்காழிக்காரர் வகுத்த விதி

இந்திய நூலக இயக்கத்தின் தந்தை என்று போற்றப்படும் எஸ்.ஆர். ரங்கநாதனைப் பற்றியும் பெங்களூர்த் தமிழர்கள் அறிந்துகொள்ள வேண்டும். 1892-ல் சீர்காழியில் பிறந்தவர். கணித ஆசிரியராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றார். நூலகத்துக்கான ஐந்து விதிகளை வகுத்து 1931-ல் நூலாக வெளியிட்டார். பிற்காலத்தில் பெங்களூருக்கே குடிவந்தார். 1962-ல் இங்கே நூலகவியல் ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்குமான மையத்தை உருவாக்கினார். 1972-ம் ஆண்டு செப்டம்பர் 27-ந் தேதி இந்த ஊரிலேயே காலமானார். அவர் நினைவாக ஆகஸ்ட் 12-ந் தேதி நாடெங்கும் நூலகர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

அவருடைய ஐந்து விதிகளில் இரண்டு நம்மைப் போன்றவர்களுக்கென்றே சொன்னவை போல இருக்கின்றன. படிக்க வரும் ஒவ்வொருவருக்கும் அவருக்கு ஏற்ற நூல் கிடைக்க வேண்டும் என்பது ஒன்று. ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரைச் சென்றடைய வேண்டும் என்பது மற்றொன்று.

வாசகர் வரமுடியாவிட்டால் நூல் அவரைத் தேடிப் போக வேண்டும் என்பதற்கு அந்த 1931-ம் ஆண்டிலேயே வழி காட்டப்பட்டது. மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் நூலகம் அமைத்தார். ரங்கநாதன் அதைத் தொடங்கி வைத்தார். வயல்வேலை செய்கிறவர்களின் ஊர்களுக்குப் புத்தகங்கள் வண்டியேறிப் போயின. அன்று வண்டி கட்டிப் புத்தகம் கொண்டுவந்து கொடுத்தார்கள். இன்று நம் தெருமுனையில் கிளை நூலகம் இருக்கிறது. நாம்தான் பலகையைக்கூடப் பார்க்காமல் நடக்கிறோம்.

பலகையைப் படியுங்கள்

பலகை கன்னடத்தில் இருப்பதும் ஒரு காரணம். "சார்வஜனிக கிரந்தாலய" என்று எழுதியிருக்கும். பொது நூலகம் என்று அர்த்தம். உள்ளே போய், "தமிளு புஸ்தக இதெயா?" என்று கேட்டால் போதும். தமிழ்ப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டதாக ஆகும். தமிழர்கள் அதிகம் வசிக்கும் பகுதிகளில் தமிழ்ப் பத்திரிகையும் தமிழ்ப் புத்தகமும் இருக்க வேண்டும் என்று கேட்பதில் தவறொன்றும் இல்லை.

நூலகங்களுக்குப் பொதுவாகத் திங்கட்கிழமை விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். வாரம் முழுவதும் பீன்யாவிலும் பொம்மசந்திராவிலும் ஷிப்டு பார்க்கிறவர்களுக்கு இது மிகவும் வசதி. கிளைக்குக் கிளை நேரம் மாறும் என்பதால் வாசலில் உள்ள நேரப் பலகையை ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

அங்கேயே அமர்ந்து படிக்க உறுப்பினராக வேண்டியதில்லை. வீட்டுக்கு எடுத்துப் போக மட்டும் உறுப்பினராக வேண்டும். அடையாளச் சான்று, முகவரிச் சான்று, திருப்பித் தரும் முன்பணம் ஆகியவையே பொதுவாகக் கேட்கப்படுபவை. ஆதார் அட்டையில் ஊர் முகவரியே இருப்பவர்களுக்கு இங்கேதான் சங்கடம். வாடகை ஒப்பந்தம், கியாஸ் இணைப்புப் புத்தகம் போன்றவற்றைக் காட்டி நூலகரிடம் பேசிப் பார்க்கலாம். ஒரு வரிசை வீட்டில் ஒருவருக்கு அட்டை கிடைத்துவிட்டால், அவர் எடுத்துவரும் புத்தகம் பத்துப் பேர் கையில் ஏறி இறங்கலாம். கிழிக்காமல், மடக்காமல், குறித்த தேதியில் திருப்பிக் கொடுத்தால் நூலகருக்கும் நம் மேல் நம்பிக்கை பிறக்கும்.

கடைசிப் பக்கத்து முத்திரை

ஒரு கிளை நூலகத்தில் இக்கட்டுரையாளர் பார்த்த காட்சியைச் சொல்ல வேண்டும். மூலை அலமாரியில் தமிழ்ப் புத்தகங்கள் இரண்டு வரிசை இருந்தன. ஒரு நாவலை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்த தேதித் தாளைப் பார்த்தால், முதல் சில ஆண்டுகளுக்கு முத்திரை மேல் முத்திரையாக இருந்தது. பிறகு ஒன்றிரண்டு. அதன் பிறகு ஒன்றுமே இல்லை. புத்தகத்தைத் தட்டியபோது தூசி பறந்தது.

"தமிழ்ப் புத்தகம் புதிதாக வாங்குவது இல்லையா?" என்று நூலகரிடம் கேட்டபோது, அவர் கோபப்படாமல் பதில் சொன்னார். "கேட்டு யாரும் வருவதில்லையே. இருப்பதையே எடுப்பார் இல்லை. எதைக் காட்டி நான் மேலே எழுதுவது?"

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நூலகத்தில் இடமும் அளவு, பணமும் அளவு. பல ஆண்டுகள் யாரும் தொடாத புத்தகம் முன் அலமாரியிலிருந்து பின் அறைக்குப் போகும். பின் அறையிலிருந்து கழிவுக்குப் போகும். ஓர் ஆள் வந்து புத்தகத்தை எடுத்தால் ஒரு முத்திரை விழும். அந்த முத்திரைதான் நூலகரின் கையில் உள்ள சாட்சி. நாம் போகாவிட்டால் தமிழ் அலமாரி தானாகவே காலியாகிவிடும். அதற்குப் பிறர் மேல் குறை சொல்லிப் பயனில்லை.

எதைக் கேட்கலாம்?

நூலகத்தில் வாசகர் விருப்பம் எழுதும் நோட்டு இருந்தால் அதில் எழுதலாம். இல்லாவிட்டால் வெள்ளைத் தாளில் எழுதிப் பத்துப் பேர் கையெழுத்திட்டுக் கொடுக்கலாம். "தமிழ்ப் புத்தகம் வேண்டும்" என்று பொதுவாக எழுதுவதைவிட, நூலின் பெயரும் ஆசிரியர் பெயரும் குறித்துக் கொடுத்தால் வாங்குவது எளிது.

அண்மை ஆண்டுகளில் சாகித்ய அகாடமி பரிசு பெற்றவற்றையே முதலில் கேட்கலாம். கரிசல் மண்ணின் நாதசுரக் கலைஞர்களைப் பற்றிய எஸ். ராமகிருஷ்ணனின் "சஞ்சாரம்" (2018), ஒரு கண்மாயையும் அதை நம்பி வாழ்ந்த ஊரையும் பற்றிய சோ. தர்மனின் "சூல்" (2019), இமையத்தின் "செல்லாத பணம்" (2020), தேவிபாரதியின் "நீர்வழிப் படூஉம்" (2023) ஆகியவை நாவல்கள். ஊரை விட்டு வந்தவர்களுக்கு இவற்றில் தங்கள் ஊர்ப் பேச்சே காதில் விழும்.

தொழிலாளர்கள் படிக்க வேண்டிய வரலாற்று நூல் ஒன்றும் உண்டு. ஆ.இரா. வேங்கடாசலபதியின் "திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908" என்ற அந்நூல் 2024-ம் ஆண்டுக்கான பரிசு பெற்றது. தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததும், வ.உ.சி. கைதானதைக் கேட்டு நெல்லைச் சீமை கொந்தளித்ததும் அந்த 1908-ம் ஆண்டில்தான்.

நாம் வாழும் மண்ணின் இலக்கியத்தையும் தமிழிலேயே படிக்கலாம். எஸ்.எல். பைரப்பாவின் "பர்வ" நாவல், பாவண்ணன் மொழிபெயர்ப்பில் "பருவம்" என்று தமிழில் வந்து, 2005-ல் அகாடமியின் மொழிபெயர்ப்புப் பரிசைப் பெற்றது. கன்னடத்தில் நேமிசந்திரா எழுதிய "யாத் வஷேம்", கே. நல்லதம்பி மொழிபெயர்ப்பில் 2022-க்கான பரிசைப் பெற்றது. 2009-ல் அல்சூரில் வள்ளுவர் சிலையும் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையும் அடுத்தடுத்துத் திறக்கப்பட்டன. சிலைகள் நட்புக்கு அடையாளம். அந்த நட்பு நிலைக்க வேண்டுமானால் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க வேண்டும்.

பிள்ளைகளுக்காக

எல்லாவற்றிலும் முக்கியமானது பிள்ளைகள் விஷயம். நம் வீட்டுப் பிள்ளை பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கிறது. அது மிகவும் தேவை. வீட்டில் தமிழ் பேசுகிறது. ஆனால் விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயரைப் படிக்கத் தெரியாமல் அப்பாவின் முகத்தைப் பார்க்கிறது. அந்த நேரத்தில் தகப்பன் மனம் என்ன பாடுபடும் என்பதைப் பட்டவர்கள் அறிவார்கள்.

பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் போன்ற அமைப்புகள் இருக்கின்றன. எல்லாரும் அல்சூர் வரை போய்வர முடியாது. பக்கத்துக் கிளை நூலகத்துக்குப் போக முடியும். ஞாயிறு காலை ஒரு மணி நேரம், எழுத்துத் தெரிந்த ஒருவர் ஐந்தாறு பிள்ளைகளை உட்கார வைத்துக் கதைப்புத்தகம் வாசித்துக் காட்டலாம். நூலகரிடம் அனுமதி கேட்டுச் செய்தால், அதே மேசையில் கன்னடப் பிள்ளைகளுக்கும் கதை நேரம் நடக்கலாம். பெரியவர்கள் கன்னட எழுத்துக் கற்கலாம்.

இப்படிக் கேட்பதற்கு ஏற்ற காலம் தேசிய நூலக வாரம். ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 20 வரை நூலகங்கள் புத்தகக் காட்சியும் போட்டிகளும் நடத்துகின்றன. நகரத்துக்கு வெளியே கட்டிட வேலைக்குப் போய்த் தங்கியிருப்பவர்கள் கிராம பஞ்சாயத்து நூலகத்தை விசாரிக்கலாம். கர்நாடக அரசு 2020-ல் "ஓதுவ பெளகு" (வாசிப்பின் ஒளி) என்ற திட்டத்தைத் தொடங்கி, பிள்ளைகளைக் கட்டணமின்றி அந்த நூலகங்களில் உறுப்பினராகச் சேர்க்க வழி செய்தது.

கையில் செல்போன் உள்ளவர்கள், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின் நூலகத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களை இலவசமாகப் படிக்கலாம். ஆனால் போனில் படித்தால் நம் தெரு நூலகத்தின் தேதித் தாளில் முத்திரை விழாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்குப் போகிறவர்கள், படம் எடுத்து முடித்ததும் அந்தச் செந்நிறக் கட்டிடத்தின் படியேறிப் பாருங்கள். போக முடியாதவர்கள் தெருமுனைக் கிளைக்குப் பிள்ளையைக் கையைப் பிடித்து அழைத்துப் போங்கள். ஒரு தமிழ்ப் புத்தகத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். இல்லையென்று பதில் வந்தால், அதை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த வாரமும் போய், வந்துவிட்டதா என்று விசாரியுங்கள்.