சோளகத்துக்கு அப்பால் ஓர் இரவுப் பயணம்

வைகாசி பிறந்ததும் கொழும்பு வாழ் இல்லத்தரசியர்க்கு ஒரு கவலையும் உடன்பிறந்துவிடும். தோய்த்த துணி காய்வதில்லை. கொடியில் போட்டதை மழைக்கு அஞ்சி அள்ளிவந்து விறாந்தையில் விரிப்பதும், பிள்ளைகளின் பள்ளிச் சீருடையை ஸ்திரிக்கைப் பெட்டியின் சூட்டினாலேயே உலர்த்துவதும் அன்றாடக் காட்சிகள். காலிமுகத்திடலிலோ அலைகள் கரைச்சுவரில் மோதிச் சிதறிக்கொண்டிருக்கும். அதே நாளில், அதே வேளையில், இத்தீவின் மறுகரையிலுள்ள திருகோணமலை மக்கள் ஒரு துளி மழைக்காக வானத்தை அண்ணாந்து பார்த்திருப்பர். இவ்விரு நகரங்களுக்கும் இடையே புகையிரதப் பாதையின் தூரம் முந்நூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. ஓரிரவுப் பயணம், அவ்வளவே.

இதனை அறிந்திருந்தும் நம்மிற் பலர் ஆண்டுக்கு ஒருமுறை வாய்க்கும் உல்லாசப் பயணத்தை மார்கழிக்கே ஒதுக்கிவைக்கின்றனர். ஆண்டிறுதி விடுமுறை, கையிலே சிறிது பணம், உறவினர் கூடும் காலம் என்று காரணங்கள் உண்டு. ஆனால் கிழக்குக் கரையில் அது வாடைக் காற்றின் காலம். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெய்வதே அப்பகுதியின் பெருமழை. கடல் கலங்கிக் கொந்தளிக்கும். மட்டக்களப்பைச் சிதைத்த 1978ஆம் ஆண்டுச் சூறாவளியும், நாட்டின் புகையிரதப் பாதைகள் பலவற்றைப் பழுதாக்கிய 2025ஆம் ஆண்டு டித்வா புயலும் நவம்பர் மாதத்தில் வந்தவையே. பட்டணத்துப் பிள்ளை ஒன்று முதன்முறையாகத் திருமலைக் கடலைக் காணச் சென்று, விடுதிச் சாளரத்தினூடே மழையை மட்டும் கண்டு திரும்புவது எத்துணை ஏமாற்றம்!

தென்மேற்கிலிருந்து வரும் சோளகம் தன் ஈரத்தை மேற்குக் கரையிலும் மலைநாட்டின் மேற்குச் சரிவுகளிலும் இறக்கிவிடுகின்றது. மலையைக் கடந்தபின் அது வறண்டு சூடேறிக் கிழக்கே இறங்குகின்றது. அவ்வெப்பக் காற்றையே கிழக்கு மாகாணத்தார் கச்சான் என்பர். (கச்சான் என்றதும் வறுத்த கடலையை நினைத்து நாவூறும் சிறுவர் ஏமாறவேண்டாம், அது வழியிலே நிலையங்களில் கிடைக்கும்.) ஆகவே மே முதல் செப்டெம்பர் வரையுள்ள காலமே திருமலைக்கு உகந்தது. பாடசாலை மாணவர்க்கு ஓகஸ்ட் மாதத்தையொட்டி வரும் விடுமுறை பொருத்தமானது.

கோட்டை நிலையத்தில் ஏறுவோர் பொல்காவலை, குருநாகல் கடந்து மாகோச் சந்தியை அடைவர். யாழ்ப்பாணம் செல்லும் பாதை அங்கே பிரிந்து வடக்கே போகின்றது. நம் வண்டி கிழக்கே திரும்பிக் காட்டினுட் புகுகின்றது. அடுத்த சந்தி கல்லோயா; மட்டக்களப்புப் பாதை அங்கே விலகுகின்றது. 1927ஆம் ஆண்டு திருமலைக்கு இப்பாதை திறக்கப்பட்ட பின்னர், முதியோர் இன்றும் ‘கோச்சி’ என்று அழைக்கும் இவ்வண்டியிலே, இடியப்பப் பொட்டலமும் தண்ணீர்ப் போத்தலுமாகச் சென்ற குடும்பங்கள் எத்தனை!

வண்டி ஊர்கின்றதே என்று சலிப்போர் உண்டு. அப்பகுதி யானைகளின் நடமாட்டமுள்ள காடு. 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பகுதியிலே பயணிகள் புகையிரதம் ஒன்று யானைக் கூட்டத்துடன் மோதியதில் ஆறு யானைகள் மாண்டன, வண்டியும் தடம்புரண்டது. அதை எண்ணினால் அரைமணித் தாமதம் பெரிதாகத் தோன்றாது.

விடியலிற் கந்தளாய் வரும். அக்குளத்தைக் குளக்கோட்டு மன்னனுடன் இணைத்துப் பேசுவது தமிழர் ஐதிகம். 1986 ஏப்ரலில் அதன் அணை உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன்பின் தம்பலகாமத்து வயல்கள். இவ்விடத்தில் உறங்கும் பிள்ளைகளை எழுப்பி, வலப்புறத்துச் சாளரத்தருகே அமர்த்துதல் நன்று. சீனன்குடாவை அண்டியதும் மரங்களுக்கிடையே குடாவின் நீர் தோன்றும். கடலென்றால் இரைந்துகொண்டிருப்பது என்று எண்ணிய கொழும்புப் பிள்ளைக்கு இந்த அமைதி புதுமையாயிருக்கும்.

உப்புவெளியிலும் நிலாவெளியிலும் அந்த அமைதி மாதக்கணக்கில் நிலைக்கின்றது. காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரத்தில் அலை எழுவதில்லை. புறாமலைக்குப் படகிற் சென்று பவளப்பாறைகளைக் காண்பதற்கும் இதுவே காலம். பெற்றோர் ஒன்றை மட்டும் மனத்திருத்தல் வேண்டும். அலையை அடக்கும் அதே காற்று, மிதக்கும் பொருளைக் கரைக்கு வரவிடாது. மெல்ல வெளியே இழுத்துச் செல்லும். காற்றடைத்த வளையத்திலோ டயர்க் குழாயிலோ மிதக்கும் சிறுவன், தான் நகர்வதை உணருமுன்பே வெகுதூரம் போய்விடக்கூடும். ஆகவே அத்தகைய மிதவைகளை வீட்டிலேயே விட்டுச்செல்லுங்கள். இடுப்பளவு நீரில், பெரியவர் ஒருவர் கடற்பக்கம் நிற்க, காலை ஒன்பது மணிக்குமுன் குளிப்பதே சாலச்சிறந்தது. பின்னர் வெயிலும் கச்சானும் தோலைப் பொசுக்கிவிடும்.

வெயில் தாழ்ந்ததும் கோணேசர் மலைக்கு ஏறலாம். சம்பந்தர் தேவாரம் பெற்ற அத்தலத்தைப் பதினேழாம் நூற்றாண்டில் இடித்த போர்த்துக்கேயர், அதன் கற்களைக்கொண்டே கோட்டை கட்டினர். 1950இல் கிணறு தோண்டியபோது மண்ணுள் இருந்த திருவுருவங்கள் வெளிப்பட்டன; 1963இல் புதுக்கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. கோட்டைக்குள்ளே புள்ளிமான்கள் அச்சமின்றித் திரிவதைப் பிள்ளைகள் காண்பர். கன்னியா வெந்நீரூற்றுக் கிணறுகள் ஏழும் வெவ்வேறு சூடுடையன. நீத்தார்க்குக் கிரியை செய்ய வருவோரும் அங்கு உளராதலின், விளையாட்டு ஆரவாரம் அவ்விடத்துக்கு ஏற்றதன்று.

மார்கழி விடுமுறையைத்தான் விடமுடியாது என்பவர்கள், அப்போது காலிக்கு வண்டியேறட்டும். அம்மாதங்களிலே தென்மேற்குக் கடல் அடங்கியிருக்கும்; களுத்துறை வழியாகக் கடலையொட்டிச் செல்லும் அப்பாதையிற் சாளரக் காட்சிக்குக் குறைவில்லை. எவ்வழிச் செல்வோரும் வண்டி நேரத்தை நிலையத்தில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்க. பாதை திருத்த வேலைகளால் அது மாறுவதுண்டு. விடுமுறைக் காலத்தில் இருக்கைகளை வாரக்கணக்கிற்கு முன்னரே பதிவுசெய்தல் வேண்டும்.